லேப்டாப்பை எப்போதும் பிளக்கிலேயே போட்டு வைக்கலாமா?

முதல் லேப்டாப் வாங்கியவர்கள் பெரும்பாலும் மூன்று கேள்விகள் கேட்பார்கள். எப்போதும் பிளக்கில் போட்டே வைக்கலாமா? முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போட வேண்டுமா? நூறு ஆனதும் பிடுங்காவிட்டால் பேட்டரி வெடித்துவிடுமா? பதில்: வைக்கலாம், வேண்டியதில்லை, வெடிக்காது. முதல் பதிலில் மட்டும் ஒரு சின்ன நிபந்தனை உண்டு. அது புரிய வேண்டுமானால் சார்ஜ் எப்படி ஏறுகிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். லேப்டாப்பையும் அடாப்டரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

முதலில் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள்

அடாப்டரின் அடியில் பொடி எழுத்தில் ஒரு லேபிள் இருக்கும். 'இன்புட் 100-240 வோல்ட்' என்று ஒரு வரி, 'அவுட்புட் 19.5 வோல்ட், 3.33 ஆம்பியர், 65 வாட்' என்பதுபோல் இன்னொரு வரி. முதல் வரி, வீட்டுக் கரண்ட் எந்த அளவுக்குள் ஏறி இறங்கினாலும் இது சமாளிக்கும் என்கிறது. ராத்திரியில் வோல்டேஜ் 170-க்கு இறங்கும் ஊரிலும் லேப்டாப்புக்கென்று தனியாக ஸ்டெபிலைசர் வாங்க வேண்டியதில்லை. வெளிநாட்டுக்கு எடுத்துப் போனாலும் பின் மாற்றி ஒன்று போதும்.

இரண்டாவது வரிதான் நமக்கு முக்கியம். இந்தப் பெட்டியை நாம் சார்ஜர் என்று சொல்கிறோம், ஆனால் இது சார்ஜ் செய்வதில்லை. வீட்டு ஏசி கரண்டை 19.5 வோல்ட் டிசி ஆக்கிக் கொடுப்பதோடு இதன் வேலை முடிந்தது. பேட்டரிக்குள் எவ்வளவு அனுப்புவது, எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்கிற சிப் லேப்டாப்பின் மதர்போர்டில் இருக்கிறது. பேட்டரிக்குள்ளும் ஒரு சின்னச் சிப் உட்கார்ந்து, உள்ளே போன கரண்ட், வெளியே வந்த கரண்ட், சூடு எல்லாவற்றையும் கணக்கு எழுதிக்கொண்டே இருக்கிறது. திரையில் தெரியும் சதவீதம் அந்தக் கணக்கிலிருந்து வருவதுதான்.

அடாப்டர் மாற்றும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும். வோல்ட் பொருந்த வேண்டும். வாட் அதிகமாக இருந்தால் கெடுதல் இல்லை. 65 வாட் லேப்டாப்பில் அதே வோல்ட், அதே பின் உள்ள 90 வாட் அடாப்டரைச் செருகினால், லேப்டாப் தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளும். வாட் குறைந்தால்தான் தகராறு: மெதுவாக ஏறும், அல்லது ஏறவே ஏறாது.

டெல், எச்பி லேப்டாப்கள் பலவற்றில் பின்னின் நடுவில் ஊசி மாதிரி ஒரு மெல்லிய கம்பி இருக்கும். கரண்ட் அதன் வழியாக வருவதில்லை. 'நான் இத்தனை வாட் அடாப்டர்' என்று லேப்டாப்புக்குச் சொல்வதுதான் அந்தக் கம்பியின் வேலை. அது வளைந்துவிட்டாலோ, அந்த அடையாளம் இல்லாத டூப்ளிகேட் அடாப்டரைச் செருகினாலோ, லேப்டாப் ஓடும், பேட்டரி மட்டும் ஏறாது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்துப் புதுசு வாங்கி மாட்டியபிறகும் ஏறாமல் முழிப்பவர்கள் உண்டு. அதனால் சார்ஜ் ஏறவில்லை என்றால் முதல் வேலை, அதே மாடல் அடாப்டர் ஒன்றைக் கடன் வாங்கிச் செருகிப் பார்ப்பது.

இன்னொரு விஷயம். மெட்டல் உடல் கொண்ட லேப்டாப்பை சார்ஜில் போட்டுக் கை வைத்தால் சிலருக்கு விர்ரென்று ஒரு குறுகுறுப்பு தெரியும். எர்த் இல்லாததுதான் பெரும்பாலும் காரணம். மூன்று பின் வயரை இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் எப்படியோ நுழைத்திருப்போம், அல்லது சுவரில் இருக்கும் பாயின்டிலேயே எர்த் வயர் கொடுத்திருக்க மாட்டார்கள். அடாப்டரின் உள்ளமைப்பு காரணமாகக் கசியும் மிகச் சிறிய கரண்ட் அது. எர்த் உள்ள மூன்று பின் பாயின்டுக்கு மாற்றினால் நின்றுவிடும். சுள்ளென்று அடித்தால் அது வேறு கோளாறு. உடனே பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

டைப்-சி என்றால் பேரம் நடக்கும்

டைப்-சியில் சார்ஜ் ஆகும் லேப்டாப்களில் கதை கொஞ்சம் வேறு. செருகியதும் 5 வோல்ட்தான் வரும். பிறகு லேப்டாப்பும் அடாப்டரும் பேசிக்கொள்ளும்: 'என்னிடம் 5, 9, 15, 20 வோல்ட் இருக்கிறது', 'சரி, 20 கொடு'. பவர் டெலிவரி, சுருக்கமாகப் பிடி (பி, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள்) என்பது இந்தப் பேரத்துக்கான பொது விதி. 20 வோல்ட், 5 ஆம்பியர் என்று 100 வாட் வரை போய்க்கொண்டிருந்ததை 2021-ல் 48 வோல்ட், 240 வாட் வரை உயர்த்தினார்கள்.

போன் சார்ஜரைப் போடலாமா என்று கேட்டால், போடலாம், கெடுதல் ஒன்றும் வராது. ஆனால் 9 வோல்டுக்கு மேல் கொடுக்க முடியாத சின்னச் சார்ஜரைப் பல லேப்டாப்கள் கண்டுகொள்ளவே செய்யாது. சில லேப்டாப்கள் 'ஸ்லோ சார்ஜர்' என்று முனகிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். போன் சார்ஜரில் பெரிதாக 80 வாட் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்தும் ஏமாறக் கூடாது. அந்த 80 பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் போனுக்கு மட்டும் கிடைக்கிற வேகம். லேப்டாப்புக்கு எவ்வளவு கிடைக்கும் என்பது 'பிடி' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணில்தான் தெரியும்.

வயரையும் கவனியுங்கள். சாதாரண டைப்-சி வயர் 3 ஆம்பியர்தான் தாங்கும், அதாவது 60 வாட். அதற்கு மேல் வேண்டுமானால், தலைக்குள் அடையாளச் சிப் வைத்த 5 ஆம்பியர் வயர் வேண்டும். 100 வாட் அடாப்டர் வாங்கியும் வேகம் வரவில்லை என்றால் வயரைச் சந்தேகப்படுங்கள்.

உள்ளே நடப்பது

இப்போது பேட்டரிக்கு வருவோம். '11.4 வோல்ட், 45 வாட் அவர்' என்று எழுதிய ஒரு பேட்டரியை எடுத்துக்கொள்வோம். வாட் அவர் என்பது பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் என்பதன் அளவு. நடுத்தர விலை லேப்டாப்களில் ஏறக்குறைய இந்த அளவுதான் இருக்கும். உள்ளே மூன்று லித்தியம் அயன் செல்களை வரிசையாகக் கோத்திருப்பார்கள். ஒவ்வொன்றும் சராசரியாக 3.8 வோல்ட், மூன்றும் சேர்ந்து 11.4. இந்த ரகத்தில் ஒரு செல் காலியாகும்போது 3 வோல்ட் பக்கம் இருக்கும், முழுதாக ஏறியதும் 4.35 வோல்ட். பழைய ரகச் செல்களில் அந்த உச்சி 4.2.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து கிளம்பி எதிர்முனையில் உள்ள கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் நுழைந்துகொள்ளும். பயன்படுத்தும்போது அதே வழியில் திரும்பி வரும். இந்த நுழைதலை அவசரப்படுத்தக் கூடாது என்பதற்காகத்தான் சார்ஜ் ஏற்றுவதை இரண்டு கட்டமாக வைத்திருக்கிறார்கள். முதல் கட்டத்தில் கரண்ட் ஒரே சீராகப் போகும், செல்லின் வோல்டேஜ் மெதுவாக ஏறும். உச்சி வோல்டைத் தொட்டதும் இரண்டாம் கட்டம். அங்கே வோல்டேஜை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டு கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். பஸ் ஸ்டாண்டில் காலி டவுன் பஸ் வந்து நின்றதும் முதல் முப்பது பேர் தடதடவென்று ஏறிவிடுவார்கள். கடைசிப் பத்துப் பேருக்கு இடம் பார்த்து, நகரச் சொல்லி, பையைத் தூக்கி மேலே வைத்து உட்கார அத்தனை நேரம் ஆகும். அதேதான். கரண்ட் மிகவும் குறைந்து ஒரு அளவுக்குக் கீழே போனதும் சிப் 'நிறைந்தது' என்று முடிவு செய்து சார்ஜை நிறுத்திவிடும்.

இதை நீங்களே பார்க்கலாம். 20 சதவீதத்தில் பிளக்கைப் போட்டு மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். 80-ஐத் தொட்டதும் ஒரு தடவை, 100-ல் ஒரு தடவை. 65 வாட் அடாப்டர் இருக்க, லேப்டாப் தன் வேலைக்கு 15 வாட் எடுத்துக்கொள்கிறது, பேட்டரிக்குள் 30 வாட் போகிறது என்று வைத்துக்கொண்டால், 20-லிருந்து 80 வரையிலான 27 வாட் அவர் ஏற ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே ஆகும். மீதி 9 வாட் அவர்தான், ஆனால் அதற்கு முக்கால் மணி நேரம் ஆனாலும் ஆச்சரியப்பட வேண்டாம். 'அரை மணி நேரத்தில் 50 சதவீதம்' என்று விளம்பரம் வருகிறதே, அது ஏன் எப்போதும் கீழே இருந்து 50 வரைக்கான கணக்காகவே இருக்கிறது என்பதும் இப்போது புரியும். கடைசி 50-க்கான நேரத்தைப் போட்டால் விளம்பரம் எடுபடாது.

அவசரமாகக் கிளம்ப வேண்டிய நாளில் 80 வந்ததும் பிடுங்கிக்கொண்டு போய்விடலாம். 100 பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்று காத்திருப்பதில் பெரிய லாபமில்லை.

நூறு ஆனபிறகு

சார்ஜை நிறுத்தியபிறகு பிளக் போட்டே இருந்தாலும், லேப்டாப் ஓடுவதற்கான கரண்ட் அடாப்டரிலிருந்து நேரே வருகிறது. பேட்டரி ஓரமாகச் சும்மா இருக்கும். சும்மா இருந்தாலும் கொஞ்சம் இறங்கும். 97, 96 என்று இறங்கியும் ஏறாமல் 'பிளக் போட்டிருக்கிறது, சார்ஜ் ஆகவில்லை' என்று காட்டும். இது பழுது அல்ல. ஒவ்வொரு சதவீதத்துக்கும் ஏற்றிக்கொண்டிருந்தால் பேட்டரிக்குத்தான் கேடு என்பதால் ஒரு அளவுக்கு இறங்கும்வரை விட்டு வைக்கிறார்கள்.

கேம் ஆடுகிறவர்களுக்கு ஒன்று: பிளக் போட்டிருந்தும் பேட்டரி குறைகிறதென்றால், லேப்டாப் கேட்கும் வாட்டை அடாப்டரால் கொடுக்க முடியவில்லை, குறையை பேட்டரி ஈடுகட்டுகிறது என்று அர்த்தம். பெரிய அடாப்டர் வேண்டும்.

பேட்டரியைக் கழற்றும் வசதியுள்ள பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களில் சிலர், பிளக்கில் ஓட்டும்போது பேட்டரியைக் கழற்றி வைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கரண்ட் போன நொடியில் லேப்டாப் அணைந்துவிடும், செய்த வேலை போய்விடும். லேப்டாப்பிலேயே ஒரு யூபிஎஸ் இருக்கும்போது அதை எதற்குக் கழற்ற வேண்டும்?

அந்த நிபந்தனை: சூடு

ஆக, அதிகமாக ஏறி வெடிக்கும் என்ற பயம் தேவையில்லை. உச்சி வோல்ட்டில் நாள் முழுக்க நிறுத்தி வைப்பதும் சூடும் ஒன்று சேர்வதுதான் பிரச்சினை. செல் நிறைந்த நிலையில் உள்ளே உள்ள எலக்ட்ரோலைட் திரவம் முனைகளின் மேல் சிதைந்து படலமாகப் படியும். அந்தப் படலத்தில் சிக்கிய லித்தியம் திரும்பி வராது. அந்த அளவுக்குப் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைந்துவிடும். சூடு ஏற ஏற இது வேகமெடுக்கும். கத்திரி வெயிலில் வேலூரிலோ திருச்சியிலோ ஏசி இல்லாத அறை 37 டிகிரி இருந்தால், லேப்டாப்பின் உள்ளே அதைவிட எவ்வளவோ அதிகம். சார்ஜ் ஏற்றுவதற்கான மேல் வரம்பே பொதுவாக 45 டிகிரிதான். அதைத் தாண்டினால் பல லேப்டாப்கள் வேகத்தைக் குறைக்கும், அல்லது சார்ஜை நிறுத்திவிடும். மே மாதத்து மத்தியானத்தில் சார்ஜ் நகராமல் நின்றால் கொஞ்ச நேரம் ஆறவிட்டுப் பாருங்கள்.

இதற்கு நாம் செய்யக்கூடியது இரண்டே வேலை. ஒன்று, மெத்தை, தலையணை மேல் வைத்து ஓட்டாமலிருப்பது. அடியிலிருக்கும் காற்றுத் துளைகள் அடைபட்டு, உள்ளே வெந்துவிடும். ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை அடியில் கொடுத்தாலே போதும். ஸ்லீப்பில் போட்டு அப்படியே பைக்குள் திணிப்பதும் இதில் சேர்த்தி. இப்போதைய விண்டோஸ் லேப்டாப்கள் ஸ்லீப்பில் முழுதாகத் தூங்குவதில்லை. அப்டேட், அது இது என்று பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு சூடாகும். வெளியே கிளம்பும்போது ஷட்டவுன் செய்துவிடுங்கள்.

இரண்டாவது, நாள் முழுக்கப் பிளக்கிலேயே வேலை செய்கிறவர் என்றால், 80-ல் நிற்கும்படி ஒரு எல்லை போட்டுவிடுவது. விண்டோஸில் எல்லா லேப்டாப்புக்கும் பொதுவாக இதற்கொரு சுவிட்ச் இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். லெனோவோவில் வான்டேஜ் ஆப்பைத் திறந்து, பவர் பகுதியில் கன்சர்வேஷன் மோடை ஆன் செய்யுங்கள். திங்க்பேட் என்றால் எதில் தொடங்கி எதில் நிற்க வேண்டும் என்று இரண்டு எண்களையும் நாமே கொடுக்கலாம். அசூஸில் மைஅசூஸ் ஆப்பில் பேட்டரி பற்றிய பகுதியில் இருக்கிறது. ஏசரிலும் அவர்களுடைய ஆப்பில்தான். டெல்லில் அவர்களுடைய ஆப்பிலோ, ஆன் செய்யும்போது எஃப்2 அழுத்தி வரும் பயாஸிலோ (விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரை), 'பெரும்பாலும் ஏசியில் பயன்பாடு' என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். இங்கே ஏசி என்பது பிளக்கில் வரும் கரண்ட். எச்பியில் பல மாடல்களுக்கு எஃப்10 அழுத்தி பயாஸுக்குள் போய் பேட்டரி ஹெல்த் மேனேஜர் என்பதைத் தேட வேண்டும். மேக்புக்கில் ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங் என்ற வசதி, நம் பழக்கத்தைக் கவனித்து 80-ல் நிறுத்தி வைத்துப் பார்க்கும்.

உங்கள் மாடலில் இப்படி ஒன்றுமே இல்லையென்றால் விட்டுவிடுங்கள். 80 ஆகிறதா, 80 ஆகிறதா என்று பிளக் பக்கத்தில் காவல் நிற்பதற்கு லேப்டாப் வாங்கவில்லை. அறையில் ஃபேன் ஓடட்டும், போதும்.

பழைய சாஸ்திரங்கள்

எட்டு மணி நேர முதல் சார்ஜ், பூஜ்யம் வரை இறக்கிவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும் என்பவை எல்லாம் நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கங்கள். பாதியில் சார்ஜ் போட்டால் அந்தப் பேட்டரிகளுக்குக் கொள்ளளவு சுருங்குவதுபோல் ஒரு கோளாறு வரும். 1991-ல் சோனி லித்தியம் அயனைக் கடைக்குக் கொண்டுவந்தது. லேப்டாப்கள் அதற்கு மாறி எத்தனையோ வருஷம் ஆகியும், கடைக்காரர் வாயில் அந்தப் பழைய அறிவுரை இன்னும் இருக்கிறது. லித்தியத்துக்கு அது நேர் எதிர். அடிக்கடி பூஜ்யத்துக்கு இறக்குவதுதான் இதற்கு ஆகாது. 30, 40-ல் இருக்கும்போது போட்டு, வேண்டியபோது எடுத்துவிடலாம்.

காலி பேட்டரியோடு மாசக்கணக்கில் பீரோவில் வைப்பதுதான் இருப்பதிலேயே மோசம். தானாகவே இன்னும் இறங்கி, ஒரு அளவுக்குக் கீழே போனால் உள்ளேயிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். அதன்பிறகு பேட்டரியின் பாதுகாப்புச் சிப் சார்ஜை ஏற்க மறுத்துவிடும். லீவுக்கு ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போவதானால் 50 சதவீதம் அளவில் வைத்து, முழுதாக ஷட்டவுன் செய்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

பேட்டரியின் உடல்நிலையைப் பார்ப்பது

விண்டோஸில் இதற்கு எந்த ஆப்பும் இறக்க வேண்டாம். ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தேடி அந்தக் கறுப்புத் திரையைத் திறங்கள். பவர் என்ற சொல்லையும் சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் சேர்த்து ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஒரு இடைவெளி விட்டு, முன்பக்கம் சாய்ந்த கோடு ஒன்று, அதை ஒட்டி பேட்டரி, ரிப்போர்ட் இரண்டையும் இடைவெளியில்லாமல் தட்டி என்டர் அழுத்துங்கள். எந்த ஃபோல்டரில் அறிக்கையைச் சேமித்தது என்று ஒரு வரி வரும். அந்தக் கோப்பை பிரவுசரில் திறக்கலாம்.

அதில் 'டிசைன் கெப்பாசிட்டி' என்பது பேட்டரி புதிதாக இருந்தபோதைய அளவு. 'ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி' என்பது இன்றைக்கு அது நிறையும் அளவு. முதலாவது 45,000 மில்லிவாட் அவர் (அதாவது 45 வாட் அவர்), இரண்டாவது 36,000 என்றால், 80 சதவீதம் மிச்சம். திரையில் 100 என்று காட்டுவது இந்த 36,000-ஐத்தான். வாங்கியபோது ஐந்து மணி நேரம் வந்தது இப்போது நாலுதான் வருகிறது என்றால் கணக்கு சரியாகவே இருக்கிறது.

சைக்கிள் எண்ணிக்கையும் அங்கேயே இருக்கும், சில மாடல்களில் அந்த இடம் வெறுமையாக இருக்கலாம். ஒரு சைக்கிள் என்பது ஒரு தடவை பிளக் போடுவதல்ல. இன்றைக்குப் பாதி, நாளைக்குப் பாதி என்று மொத்தம் 100 சதவீதம் செலவானால்தான் ஒன்று. சாதாரண லேப்டாப் பேட்டரிகளுக்கு 300 முதல் 500 சைக்கிள், இப்போதைய மேக்புக்குகளுக்கு 1000 என்பது பொதுவான கணக்கு. மேக்கில் ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டே ஆப்பிள் மெனுவைத் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷனுக்குள் போய், பவர் என்ற பகுதியில் பாருங்கள்.

30 சதவீதம் காட்டிக்கொண்டிருந்து சட்டென்று அணைந்தால், உள்ளே சிப் எழுதும் கணக்கு தப்பியிருக்கலாம். முழுக்க ஏற்றி, ஓரிரு மணி நேரம் விட்டு, அணையும் வரை ஓட்டி, மறுபடி முழுக்க ஏற்றுங்கள். கணக்கு நேராகும். போன கொள்ளளவு இதனால் திரும்பி வராது. இதை மாசாமாசம் செய்யவும் வேண்டாம்.

உப்பிவிட்டால்

டச்பேட் அழுந்தவில்லை, மூடினால் சரியாக மூடவில்லை, மேஜையில் வைத்தால் ஆடுகிறது: இதில் எது தெரிந்தாலும் லேப்டாப்பைப் பக்கவாட்டில் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பாருங்கள். அடிப்பக்கம் வயிறு தள்ளியிருந்தால் பேட்டரிக்குள் வாயு சேர்ந்து உப்பியிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கி ஷட்டவுன் செய்யுங்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள். அழுத்தி உள்ளே தள்ளவோ, ஊசியால் குத்திக் காற்றை இறக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். சர்வீஸ் சென்டரில் கழற்றச் சொல்லுங்கள்.

கழற்றிய பேட்டரியைக் குப்பை வண்டியிலும் போடாதீர்கள், வண்டியில் நசுங்கினால் அங்கேயும் தீதான். 2022-ன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, விற்ற பேட்டரியைத் திரும்பச் சேகரிக்க ஏற்பாடு செய்வது தயாரிப்பாளர் பொறுப்பு. சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்துவிட்டு வரலாம்.

புதுசு வாங்கும்போது பழைய பேட்டரி லேபிளை போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். மாடல் எண், வோல்ட், வாட் அவர் மூன்றும் பொருந்த வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் 'கம்பாட்டிபிள்' பேட்டரி பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும். எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் லித்தியம் பேட்டரிக்கு இந்தியாவில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். லேபிளில் அந்த முத்திரையும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இல்லாததை விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொட வேண்டாம். மாட்டியதும் கடையிலேயே மேலே சொன்ன அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சைக்கிள் நூற்றுக்கணக்கில் காட்டினாலோ, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி லேபிளில் போட்டிருப்பதைவிட நிறையக் குறைந்திருந்தாலோ அது புதுசு இல்லை. பணம் கொடுக்கும் முன்பே கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.